வல்லத்து மொட்டை

புகைப்படம் கை மாறிக் கை மாறி வேதநாயகியிடம் வந்தபோது அதன் ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கன்னங்கரேலென்று ஒரு காளை. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று மயிர். பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு பூவராகவன். கால்நடைக் கல்லூரியில் அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கியவன். பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது, "பொம்பளப் புள்ள தனியா ஜப்பானுக்கா?" என்று சிரித்துவிட்டு அவனை அனுப்பினார்கள். அவளுக்குச் செஞ்சி மாட்டாஸ்பத்திரி.

அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து நின்று அவன் ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "பொறக்கறப்பவே கொம்பு கிடையாது. அங்க ஏர் ஓட்ட மிஷின் வந்துடுச்சு, கறிக்கும் வேற ஜாதி மாட்டத்தான் கேக்கறாங்க. இது கொறைஞ்சிகிட்டே வருது. இப்பவே காப்பாத்தலன்னா அத்துப்போயிடும்."

"பொங்கலுக்கு எதுல சார் வர்ணம் பூசுவாங்க?" என்றார் வல்லத்து ஆதிமூலம். சிரிப்பு அடங்குவதற்குள் அவரே, "எங்கிட்டயும் ஒரு மொட்டை இருக்குது. காயடிக்கத்தான் காலைல பாப்பாகிட்ட உட்டுட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன்" என்று வேதநாயகியையும் கொட்டகையையும் காட்டினார்.

பூவராகவன் ஓடிப்போய் அந்த இளங்காளையின் உச்சந்தலையைத் தடவினான். "ஐயோ, இதைக் காயடிக்காதீங்க! விதைக்கு வெச்சுக்குங்க. நான் மெட்ராசுக்கு எழுதறேன்."

"டாக்டர் சார் சொன்னா சரி."

இதையேதான் கோடையில் ஆதிமூலத்தின் களத்தில் நின்று அவள் தொண்டை வறளச் சொன்னாள். 'மொட்டைய வெச்சிகினு இன்னா பண்றது, நீ போ பாப்பா' என்றார். இன்று காலைகூட அவளுக்கு மனம் வரவில்லை. இடுக்கியை எடுக்கவே இல்லை. அவர் திரும்பி வந்ததும் இன்னொரு முறை கெஞ்சிப் பார்க்கலாம் என்றிருந்தாள்.

"காயடிச்சாச்சு" என்றாள்.

பூவராகவனின் கை அப்படியே நின்றது. "எப்ப?"

"காலைலயே. இவருதான சொன்னாரு."

தோலுக்கு மேலேயே இடுக்கியால் நரம்பை நசுக்கும் வேலை. ரத்தம் இல்லை, காயம் இல்லை. குனிந்து தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அவன் குனியவில்லை. இன்று கோட்டில்லாத தோள்களைக் குலுக்கிக்கொண்டு படத்தை வாங்கிப் பையில் வைத்தான்.

"இதெல்லாம் நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா பாப்பா?" என்று ஆதிமூலம் அவளைத் திட்டிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

அவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ராஜகிரி மலையின் நிழல் விழுந்த ரோட்டில் மொட்டை அவர் பின்னால் போனது. எதிரே மேய்ச்சல் முடித்த மாடுகள். பருவத்துக்கு வந்த ஒரு கிடேரியின் பின்னால் போய் நின்று மோந்து, கொம்பில்லாத தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டியது. ஆதிமூலம் திரும்பிப் பார்க்காமல் கயிற்றை இழுத்தார். அது நகரவில்லை.