பிரணவிக்கு ஒரு யூதப் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தைப் பத்மாவதி மூன்று தரம் வாசித்தாள். விளங்காமல் இல்லை. விளங்கியதை நம்ப முடியாமல்தான்.

‘பிரணவி நல்ல பிள்ளை. ஆனால் வகுப்பில் பேசத் தயங்குகிறாள். உங்கள் மொழி அவளைக் குழப்புகிறது. ஆகவே இனிமேல் வீட்டிலும் ஆங்கிலம் மட்டுமே பேசும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’ கீழே வகுப்பு ஆசிரியையின் கையெழுத்து. பக்கத்தில், பேனாவால் வரைந்த ஒரு சிரிக்கிற முகம்.

1996ஆம் ஆண்டு, மார்ச் மாதம். சான்ட்ரிங்ஹாமில் வாடகை வீடு. இப்போது மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டி விடுகிற பத்மாவதி, மானிப்பாயில் ஏழு வருடம் கணக்குப் படிப்பித்த டீச்சர். தமிழில் பேசியது காதில் விழுந்ததற்காக அவளுடைய அண்ணனைக் கொழும்பில் பஸ்ஸிலிருந்து இழுத்து இறக்கி அடித்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் தப்பி, உலகத்தின் அந்தத்துக்கு வந்து சேர்ந்தால், இங்கேயும் அதே வாயை மூடச் சொல்கிறார்கள். அதுவும் அன்புடன்!

கணவன் மகேசன் நியூ லின் பண்டகசாலையில் வேலை முடிந்து வந்ததும் கடிதத்தை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்க்கவே இல்லை.

“தெரியும்,” என்றான்.

“எப்பிடித் தெரியும்?”

“போன கிழமை பிள்ளையைக் கூட்டப் போகேக்க டீச்சர் சொன்னவ. அதுதான் நான் இப்ப அவளோட இங்கிலீஷில கதைக்கிறன்.”

பத்மாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கிழமையாக இவன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டதும், சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் ஆங்கிலத்தில். விளையாட்டு என்று நினைத்திருந்தாள்.

“என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லாமல்?”

“பள்ளிக்கூடக்காரருக்குத் தெரியாததே உமக்குத் தெரியும்? வந்த இடத்தில ஏன் வீண் சண்டை? பிள்ளை முன்னுக்கு வரட்டும்.”

“அவள் வாசிப்பில குறைவோ? கணக்கில குறைவோ? கூச்சப்படுறாள். ஆறு வயசில நீங்கள் கூச்சப்படேல்லையே? அதுக்காக ஆராவது உங்கட நாக்கை அறுக்கச் சொன்னவையோ?”

மகேசன் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் அந்தக் கடிதத்தைத் தாதி ரூத்திடம் காட்டினாள். ரூத் யூதப் பெண். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பத்மாவதியின் பெயரைச் சுருக்காமல் முழுதாகச் சொல்கிற ஒரே ஆள். வாசித்து முடித்ததும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு, “எங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தை ஒருமுறை வந்து பார். தனியார் பள்ளி, சின்னது. மற்றச் சமயத்துப் பிள்ளைகளையும் கொஞ்சம் பேரைச் சேர்ப்பார்கள். இரண்டு மொழி படிக்கிற பிள்ளைகளை அங்கே யாரும் நோயாளி மாதிரிப் பார்ப்பதில்லை,” என்றாள்.

யூதப் பள்ளிக்கூடமா? நினைக்கவே பத்மாவதிக்கு விசித்திரமாக இருந்தது. ஆனாலும் அடுத்த லீவு நாளில் பஸ் ஏறினாள்.

பூட்டிய கேட். மணியடித்து, பெயர் சொல்லி, உள்ளே போக வேண்டியிருந்தது. ஒரு வகுப்பில் பிரணவி அளவுப் பிள்ளைகள் எபிரேயத்தை வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பக்கத்திலேயே ஆங்கிலம், இடமிருந்து வலமாக. ஒருத்தரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

தலைமையாசிரியை திருமதி லெவின் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என் அம்மா வீட்டில் பேசியது யித்திஷ். எங்கள் பாட்டன் பூட்டன் பேசிய மொழி. ஒரு டீச்சர் இப்படித்தான் சொன்னார் என்று அம்மா என்னோடு அதைப் பேசுவதை நிறுத்திவிட்டார். இன்று அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது நாலு வசவு மட்டும்.” அவர் சிரிக்கவில்லை. “ஆனால் ஒன்றை யோசியுங்கள். இங்கே வந்தால் உங்கள் மகள் எபிரேயம் படிப்பாள். எங்கள் பண்டிகைகளைக் கொண்டாடுவாள். தமிழை நாங்கள் சொல்லிக்கொடுக்க முடியாது. அது உங்கள் வீட்டு வேலை.”

“கும்பிடச் சொல்லுவீர்களா?”

“பிரார்த்தனைப் பாட்டு நடக்கும்போது கூட இருப்பாள், அவ்வளவுதான். யாரையும் மதம் மாற்ற மாட்டோம். எங்களுக்கு அந்த வழக்கமே இல்லை. இறைச்சி மட்டும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது.”

“நாங்கள் சைவம்,” என்றாள் பத்மாவதி. அந்த நாளில் முதல்தரம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இடம் ஒன்று யூலையில் வரலாம் என்றார் திருமதி லெவின். நிச்சயமில்லை, யூதப் பிள்ளை ஒன்று வந்தால் அதற்குத்தான் முதலிடம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. சனிக்கிழமை மளிகைக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தவளைத் தமிழ்ச் சங்கச் செயலாளர் செல்வரத்தினம் மறித்தார்.

“என்ன தங்கச்சி, பிள்ளையை யூதரிட்ட விடப் போறியளாம்? எங்கட சமயம் என்னாகிறது? சனம் ஒரு மாதிரிக் கதைக்குது.”

“உங்கட பிள்ளையள் எங்க அண்ணை படிக்கினம்?”

“அது… கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். நல்ல ஒழுக்கம் எண்டு…”

“அங்க காலமையில ஆரைக் கும்பிடுகினம்? பிள்ளையாரையோ?”

பின்னால் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பத்மாவதி விடவில்லை. “போன பொங்கலுக்கு உங்கட மகளிட்டப் பேர் கேட்டன். தமிழில கேட்டது அந்தப் பிள்ளைக்கு விளங்கேல்லை. சங்கத்துச் செயலாளரின்ர மகளுக்கு! எங்கட சமயத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படாதேங்கோ அண்ணை.”

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. முருங்கைக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

யூன் கடைசியில் திருமதி லெவின் தொலைபேசியில் அழைத்தார். இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்காகப் பத்மாவதி சனி ஞாயிறும் வேலைக்கு ஒப்புக்கொண்டாள். மகேசன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

பிள்ளையை விலக்கிக்கொள்ள அவள் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனபோது தலைமையாசிரியர் வருத்தப்பட்டார்.

“அந்தக் கடிதத்தையா இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள்? அது உங்களுக்கென்று எழுதியது இல்லை. உங்களைப் போன்ற எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்புவதுதான். பெயரை மட்டும் மாற்றுவோம்.”

பத்மாவதி இருந்த கதிரையிலிருந்து எழுந்தாள். பிரணவி தயங்கியதையே ஒருவரும் பார்க்கவில்லை! பெயரைப் பார்த்தார்கள், தோலைப் பார்த்தார்கள், கடிதத்தை நிரப்பி அனுப்பிவிட்டார்கள்.

“எத்தனை குடும்பம்?” என்று கேட்டாள்.

அவர் விலகல் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அன்று மாலை அவள் அந்தக் குடும்பங்களுக்கென்று ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் எழுதினாள். ‘பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம் சட்டம் இல்லை. உங்கள் மொழி உங்கள் பிள்ளையைக் குழப்பாது. வீட்டில் அதைப் பேசுங்கள். நானும் ஓர் ஆசிரியை.’ கீழே தன் முழுப் பெயர். மேசையில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள். காலையில் பார்த்தபோது தாளைக் காணவில்லை. மகேசன் வேலைக்குப் போயிருந்தான். கிழித்தெறிந்துவிட்டான் என்றே நினைத்து, மத்தியானம் வரை மனதுக்குள் அவனோடு சண்டை பிடித்தாள்.

இரண்டு மணிக்கு அவன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றான். கையில் அவள் எழுதிய தாளின் அறுபது பிரதிகள். பண்டகசாலை மெசினில் எடுத்தது.

“கேட்டுக்கு உள்ளுக்குப் போகாதேயும். நடைபாதையில நிண்டு குடும். அது பொது இடம்,” என்றான்.

மழை தூறியது. பள்ளிக்கூடம் விடும் நேரம், பழைய பள்ளிக்கூடத்து வாசலில் இருவரும் குடையோடு நின்றார்கள். ஒரு குஜராத்தி அப்பா வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி முகம் சிவந்து, தனக்கு இது தெரியவே தெரியாது என்றாள். தொங்கா நாட்டுத் தாய் ஒருத்தி இரண்டு தரம் வாசித்தாள்.

“எனக்கும் வந்தது,” என்றாள். “ஆறு மாதமாக மகனுக்கு எங்கள் பாட்டுப் பாடுவதில்லை. அவன் கேட்கிறான். நான் முடியாது என்கிறேன்.”

பத்மாவதி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். ஆத்திரத்தில் கண்ணீர் வருவது அவளுக்குப் பிடிக்காத பழக்கம். அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “இண்டைக்குப் பாடு,” என்றாள். தமிழில் சொன்னது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு அது விளங்கியிருந்தது.

ஐந்து மணிக்குத் தலைமையாசிரியர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பெற்றோரைத் தூண்டிவிடுவதாகக் கத்தினார். மகேசன்தான் எடுத்தான். வந்த நாட்டில் யாரையும் எதிர்த்துப் பேசியறியாத மனிதன், சத்தம் உயர்த்தாமல், “என் மனைவி எழுதியதில் பிழை இருந்தால் எழுத்தில் அனுப்புங்கள்,” என்று சொல்லி வைத்துவிட்டான். எழுத்தில் எதுவும் வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. அடுத்த வருடம் அந்தக் கடிதம் யாருக்கும் போகவில்லை என்று தொங்கா நாட்டுத் தாய் மளிகைக் கடையில் கண்டு சொன்னாள்.

யூலையில் பிரணவி புதுப் பள்ளிக்கூடம் போனாள். முதல் வெள்ளிக்கிழமை, அங்கே கொடுத்த, சடைபோல் பின்னிச் சுட்ட பாண் ரொட்டித் துண்டு ஒன்றோடு வந்து, அங்கே கற்ற பாட்டைப் பாடிக் காட்டினாள். மகேசன் கேட்டுவிட்டு, “நல்லாயிருக்கு. இதுக்கு என்ன கருத்து?” என்று கேட்டான்.

“ஐ டோன்ட் நோ, அப்பா.”

“தமிழில சொல்லு பாப்பம்.”

பிள்ளை தாயைப் பார்த்தது. பிறகு தகப்பனைப் பார்த்தது.

“எனக்கு இன்னும் தெரியாது,” என்றது.