குழாயில் விழுந்த எழுத்து

“கே யாருய்யா?”

சிவராமன் கேட்டார். எதிரே பெஞ்சில் பதினோரு பேர் இருந்தார்கள். குமணன்சாவடியில் பழக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய ஆபீஸ். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது தொழில். ஓமனில் எண்ணெய்க் குழாய் போடுகிற கம்பெனிக்கு வெல்டர் தேவை என்று நாலு நாளைக்கு முன்னால் திருமழிசையில் ஒரு ஷெட்டில் டெஸ்ட் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு குழாய். பற்றவைத்து முடித்ததும், பெயரின் முதல் எழுத்தை இங்கிலீஷில், எழுத்துப் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் ஓரத்தில் அடித்துவிட வேண்டும். யார் வேலை என்பதற்கு அதுதான் அடையாளம். குழாயெல்லாம் எக்ஸ்ரேவுக்குப் போய் இன்றைக்கு ரிப்போர்ட் வந்திருந்தது.

“பதினோரு குழால ஒரு பொட்டு ஓட்ட இல்லாம வந்தது இது ஒண்ணுதான். கம்பெனிக்காரன் வாயப் பொளந்துட்டான். ஆனா லிஸ்ட்ல கே-ன்ற ஆளே இல்ல. வி-ன்னு ஒண்ணு வரணும், அது வரல.”

வேம்புலி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான்.

“அது என்து சார்.”

“உன் பேரு?”

“வேம்புலி.”

“வேம்புலிக்கு எங்கேர்ந்துய்யா கே வந்துது?”

“சின்ன ஊட்டு பேரு போட்டுட்டாரு போல சார்” என்றான் பெஞ்சில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். வேம்புலியும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

பழக்கம் செய்த வேலை அது. பாடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் பதினோரு வருஷம் காண்ட்ராக்ட் வெல்டராக இருந்தவன் வேம்புலி. இருந்தது அவன், ரெஜிஸ்டரில் பெயர் கிருபாகரன். ஐடிஐ பாஸ் பண்ணியவனைத்தான் அங்கே உள்ளே விடுவார்கள். வேம்புலி எட்டாவதோடு நின்று, கிரில் பட்டறையில் தொழில் கற்றவன். அவன் பெண்டாட்டி நாகவல்லியின் தம்பி கிருபாகரன் ஐடிஐ முடித்து அங்கே சேர்ந்தான். நாலாம் நாள் கண் வீங்கிப்போய், எனக்கு இந்த நெருப்பு வேண்டாம் என்று ஓடிவந்துவிட்டான். கார்டு ஏற்கெனவே போட்டாயிற்று. காண்ட்ராக்டருக்கு ஆள் வேண்டும். போட்டோவை மட்டும் மாற்றி வேம்புலியை உள்ளே அனுப்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜாயின்ட்டுக்குப் பக்கத்திலும் கே என்று அடித்து அடித்து, மூளையைக் கேட்காமலே அந்தப் பஞ்ச்சை எடுக்கிற கையாகிவிட்டது அது.

இப்போது அவனுக்கு நாற்பத்துநாலு. நாற்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் தொடமாட்டான். இந்த ஆளெடுப்பை விட்டால் மீதி ஆயுசுக்கும், பாடியை விட்டபின் சேர்ந்த திருமழிசை ஷெட்டில் தினக்கூலிதான்.

“சரி, பழைய எடத்துலேர்ந்து அனுபவ லெட்டர் வாங்கியா” என்றார் சிவராமன். “அதுல உன் பேரு இருந்தா இந்த கே-வ நான் பேசி சரி பண்ணிக்கிறேன்.”

மறுநாள் பாடிக்குப் போனான். கேட்டிலேயே செக்யூரிட்டி ஓடி வந்து தோளைப் பிடித்தார்.

“இன்னா கிருபா, ஆளே காணோம்? செத்துகித்து பூட்டியான்னு பாத்தோம்.”

ஃபோர்மேன் ஷவுகத் அலி டீ வாங்கிக் கொடுத்து, விஷயத்தைக் கேட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“நூறு குழாய கொண்டாந்து வெய்யி. கண்ண மூடிகினு தடவிப் பாத்தே எது உன் கையின்னு சொல்லிட்றேன். ஆனா ரெஜிஸ்டர்ல வேம்புலின்னு ஒருத்தன் பொறக்கவே இல்லியேப்பா. அதுல வேல செஞ்சவன் கிருபாகரன்.”

“நீங்க எழுதிக் குடுத்தா போதும் பாய்.”

“எழுதுனா, பதினோரு வருஷம் யார உள்ள உட்டன்னு என்னியக் கேப்பான். ரிட்டையராவ ஏழு மாசம் கீது எனுக்கு.”

கடைசியில் லெட்டர் கிடைத்தது. கிருபாகரன் என்பவர் எங்களிடம் பதினோரு ஆண்டுகள் குழாய் வெல்டராகப் பணிபுரிந்தார், மிகுந்த திறமைசாலி என்று இங்கிலீஷில் அடித்து, சீல் வைத்துக் கொடுத்தார்கள். வேம்புலி அதை மடிக்காமல் கவரில் போட்டு எடுத்து வந்தான். நடந்ததை நடந்தபடி சொன்னால் சிவராமனுக்குப் புரியும் என்று நம்பினான்.

சிவராமனுக்குப் புரியத்தான் செய்தது.

“அந்த கிருபாகரன் எங்க கீறான்?”

“குமணன்சாவடி ஸ்டாண்டுலதான் சார். ஷேர் ஆட்டோ ஓட்றான்.”

“பாஸ்போர்ட்?”

“மலேசியா ஓட்டலுக்குப் போறன்னு எடுத்து வெச்சிருக்கான்.”

சிவராமன் லெட்டரையும் எக்ஸ்ரே ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “குழால கே. லெட்டர்ல கிருபாகரன். ஐடிஐ சர்ட்டிபிகேட்டும் அவன் பேர்ல. எல்லாம் கரெக்டா பொருந்துது. பொருந்தாதது நீ ஒருத்தன்தான்யா.”

“இன்னொரு குழா குடுங்க சார். உங்க கண்ணு முன்னாடி பத்தவெச்சி காட்றேன்.”

“எனுக்கு இன்னாய்யா தெரியும் அதப்பத்தி? பாக்க வேண்டிய கம்பெனிக்காரன் நேத்தே ஃப்ளைட் ஏறிட்டான். போய் அவன வரச்சொல்லு.”

“அவுனுக்கு வேல தெரியாது சார்.”

“அங்க போனதும் ஹெல்ப்பரா தள்ளிவெப்பாங்க. கத்துக்குவான். நீ கத்துக்கல?”

அன்று சாயங்காலம் கிருபாகரன் வந்து ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

“மாமா, நா போவல. உன் எடத்துல நா போயி குந்திக்கினா நல்லாவா கீது?”

நாகவல்லி அடுப்பை அணைத்தாள். “உள்ள வாடா மொதல்ல” என்றாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்க்காமல், “உனுக்குத்தான் இல்லன்னு ஆயிடுச்சி. அவுனாவது போவட்டும்யா. பதினோரு வருஷம் அவன் பேர்லதான நம்ம சோறு துன்னோம்” என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. வேம்புலி கிருபாகரன் பக்கம் திரும்பி, “நாளைக்கு ஷெட்டுக்கு வா மச்சான்” என்றான்.

இருபது நாள் சொல்லிக் கொடுத்தான். கையைப் பிடித்துக்கொண்டால் கோடு நேராக வந்தது. விட்டால் புழு நெளிந்த மாதிரி போனது. நெருப்பைக் கண்டால் கிருபா முகத்தைத் திருப்பிக்கொண்டான். “என்னால முடியல மாமா” என்று ஒருநாள் அழுதே விட்டான். அதற்குள் விசா வந்துவிட்டது.

அவன் போய் நாற்பது நாளிருக்கும். மத்தியானம் ஷெட்டில் வேம்புலி டிபன் பாக்ஸைத் திறந்து சோற்றில் கை வைத்திருந்தான். போன் அடித்தது. வீடியோ. கிருபாவின் மூக்கில் தோல் உரிந்திருந்தது. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

“மாமா, இத்தினி நாளா கிரைண்டிங்ல வெச்சிருந்தாங்கோ. இன்னிக்கி ஆள் கொறையுதுன்னு ஃபைலப் பாத்துட்டு, நீதான் பதினோரு வருஷக்காரனாச்சேன்னு மெயின் லைன்ல போட்டுட்டான் மாமா. இதப் பாரு.”

குழாயைக் காட்டினான். வேம்புலி போனைக் கண்ணருகே கொண்டுபோனான். அடியில் போட்ட முதல் கோட்டிலேயே ஓட்டைகள். மேலே எத்தனை போட்டு மூடினாலும் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும்.

“அத்த அறுத்துட்டு மறுபடி போட்றா.”

“டைம் இல்ல மாமா. சூப்பர்வைசர் வந்துகினு கீறான்.”

“அப்ப உண்மைய சொல்லிடு. தெரியாதுன்னு சொல்லு.”

“சொன்னா இன்னிக்கே ஏத்தி அனுப்பிடுவான். அக்கா கைல சொல்லாத மாமா.”

“சரி, கேளு. கைய ஆட்டாத. கம்பிய முட்டித் தள்ளாத, அது உருகி எறங்கட்டும். மெதுவா, மெதுவா இப்டி…”

சொல்லச்சொல்ல வேம்புலியின் வலது கை, சோறு ஒட்டிய விரல்களோடு, காற்றில் வளைந்து போய்க்கொண்டிருந்தது. அந்தக் கை அங்கே இருந்தால் அரைமணி நேர வேலை.

அங்கே யாரோ ஹிந்தியில் கத்தினார்கள். கிருபா போனை மணலில் வைத்துவிட்டான் போலிருக்கிறது. திரையில் வெறும் வானம்தான் தெரிந்தது, வெள்ளையாக. பிறகு சுத்தியல் ஒரே ஒரு தரம் விழுந்தது.

பதினோரு வருஷம் கேட்ட சத்தம்தான். கே எழுத்து நன்றாகவே விழுந்திருக்கும்.