ஒண்ணும் அவசரமில்லை

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு போன் அடித்தபோது பிரவின்ராஜ் ராம்ப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான். திருவனந்தபுரத்தில் வலியதுறைப் பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு மீன் குடோனின் சிமென்ட் தளம்தான் அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் ஸ்கேட்போர்டு மைதானம். அந்த ராம்ப்புக்கு ப்ளைவுட் கொண்டுவந்தவன் அவன். சாலைக் கடைத்தெருவில் சாம்பசிவன் அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடையில் நிற்கிறவனுக்கு, வெட்டு மிச்சத்தைக் கேட்டு வாங்குவது பெரிய காரியமில்லை. ஏழு வருஷமாக அவன் அறுத்தும் அறைந்தும் நிறுத்திவைத்த பலகையில்தான் மற்றவர்கள் பறந்தார்கள். இதைச் சொன்னால் சொல்லிக்காட்டுகிறான் என்பார்கள். அதனால் சொல்வதில்லை. நினைக்காமல் ஒரு நாளும் இருந்ததுமில்லை.

போனில் ஜானவியின் பெயர். கொச்சியிலிருந்து வந்திருக்கும் ஷூ கம்பெனிக்காரி. அவள் எதற்கு இவனைக் கூப்பிட வேண்டும்? கம்பெனி விளம்பரத்தில் நடிக்க சுபின் கையெழுத்துப் போட்ட பாரத்தில், ஆத்திர அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் இவன் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தான். கூட்டாளி அல்லவா, எழுதத்தானே செய்வான்.

சுபினும் இவனும் ஒரே மாதத்தில் போர்டில் ஏறியவர்கள். சுபின் பாறசாலைக்காரன், பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். போர்டைக் காலடியில் ஒரு முழுச்சுற்று சுழலவிட்டு மறுபடியும் அதன்மேலேயே இறங்குகிற கிக்ஃப்ளிப்பை ஏழு படிக்கட்டுக்கு மேலாகப் போடுகிறவன் இந்த ஊரில் பிரவின்ராஜ் ஒருத்தன்தான். சுபினுக்கு நாலு படிக்கே முட்டி பெயரும். ஆனால் விளம்பரத்துக்கு ஆள் தேடி ஜானவி வந்த அன்று இவன் மூன்று தடவை ஏழு படியும் தாண்டி இறங்கினான், மூன்று தடவையும் அவள் சுபின் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் குடித்தால்கூட கன்னத்தில் குழி விழும். குழிக்கு ஷூவும் போர்டும் பெங்களூர் போட்டிக்கு டிக்கெட்டும். ஏழு படிக்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து பிரவின்ராஜுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இது பொறாமைதான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன, எரிகிறது எரிந்துகொண்டேதான் இருந்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. வியாழக்கிழமை படம் பிடிக்கும்போது, சுபின் போர்டில் எழுதியிருந்த ‘சாலை’ என்ற பெயரைக் கறுப்பு டேப் ஒட்டி மறைக்கச் சொன்னார்கள். விளம்பரத்தில் வேறு பெயர் தெரியக்கூடாதாம். கடைத்தெருவின் பெயரில் அவர்கள் குழுவுக்கு வைத்த பெயர் அது, எனாமல் பெயின்டில் எழுதியவன் பிரவின்ராஜ். சுபின் டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, கம்பெனி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்து வந்துவிட்டான். யாரோ அதைப் படம் எடுத்துப் போட, ஊரெல்லாம் அதே பேச்சு. பிரவின்ராஜின் பெருவிரலும் போய் ஒரு லைக்கை அமுக்கிவிட்டு வந்தது. கிடைத்தபோதும் அவனுக்குத்தான் கைதட்டல், வேண்டாமென்று உதறியபோதும் அவனுக்குத்தான் கைதட்டல். பெயரை எழுதிய கை யாருடையது என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. உதறுவதற்கும் ஒன்று கையில் கிடைக்க வேண்டுமே.

“பிரவின் அல்லே? சுபின் போன் எடுக்குந்நில்லா,” என்றாள் ஜானவி. “பேரு மறைக்கண்டா, கம்பெனி சம்மதிச்சு. சுபினு ஒரு அவசரம் கூடி உண்டு. அஞ்சு மணிக்கு கோவளத்து வரணம். வந்நில்லெங்கில் கோழிக்கோட்டுள்ள பையனெ வச்சு எடுக்கும்.”

பெயரை மறைக்க வேண்டாம், சுபினுக்கு இன்னும் ஓர் அவசரம் உண்டு, ஐந்து மணிக்குக் கோவளம் வராவிட்டால் கோழிக்கோட்டுப் பையனை வைத்து எடுத்துவிடுவார்கள் என்கிறாள். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. தமிழில் அது என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் பிழைக்க வந்த தமிழர்களில் இந்தச் சொல்லில் வழுக்கி விழாதவர்கள் குறைவு. பிரவின்ராஜின் அம்மா பிரேமா வந்த புதிதில், ஒரு கேன்டீன்காரர் “நல்ல அவசரமாணு” என்று வேலை தரப்போக, “அவசரம்னா வேற ஆளப் பாருங்க, எனக்குப் பிள்ளைய பள்ளிக்கூடத்துல விடணும்” என்று சொல்லிவிட்டு வந்தவள். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

“ஞான் பறயாம்,” என்று, சுபினிடம் சொல்லிவிடுவதாக ஏற்றுக்கொண்டான் பிரவின்ராஜ்.

சுவர் நிழலில் உட்கார்ந்து சுபின் தன் பழைய ஷூவின் கிழிசலில் பஞ்சர் பசை தடவிக்கொண்டிருந்தான். போன் சார்ஜ் இல்லாமல் பக்கத்தில் கிடந்தது.

“யாருலே?”

“ஜானவி.”

பசைக் குச்சி நின்றது. “என்ன சொன்னா?”

“அவசரம் ஒண்ணும் இல்லியாம்.”

யோசித்துச் சொன்னதில்லை, நாக்கில் இருந்து தானாக இறங்கியது. இறங்கிய பிறகுதான் அதன் சௌகரியம் அவனுக்கே புரிந்தது. வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொண்டாலும் சரி, நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, மணி ஐந்து ஆகிவிடும். நாளைக்கு யாராவது கேட்டால் பழியை பாஷையின் தலையில் போட்டுவிடலாம். அம்மாவுக்கு நடக்கவில்லையா?

“அப்ப சரி, நாளைக்கிப் பேசிக்கிடலாம்,” என்றான் சுபின். கொஞ்சம் கழித்து, “எனக்குன்னா இனி வேண்டாம்டே. அவ கூப்பிட்டா ஒன் பேரைச் சொல்லலாம்னு இருக்கேன். என்னைவிட நல்லா படி சாடுத ஆள் நீதானே,” என்றான்.

பிரவின்ராஜ் தலையாட்டினான். இவன் வேண்டாமென்று கழித்ததை எடுத்து இவனே எனக்குப் போடுவானாம், அதற்கும் நாலு பேர் கைதட்டுவார்களாம். கெட்டவனாகவாவது இருந்து தொலைக்கக்கூடாதா இந்தப் பயல்? கெட்டவனை வயிறாரத் திட்டலாம். இவனிடம் அதற்கும் வழியில்லை.

போர்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனான். முதல் தடவையே ஏழு படியும் தாண்டி இறங்கினான். சக்கரம் தளத்தில் விழுந்த சத்தம் குடோன் முழுக்கக் கேட்டது. சுபின் நிமிர்ந்து, “பொளிச்சுலே,” என்று மனசாரச் சொன்னான். அந்தப் பாராட்டு பிரவின்ராஜுக்குத் துளியும் இனிக்கவில்லை. மூன்றரை ஆனது. மறுபடியும் ஏறினான், இரண்டு முறை விழுந்தான், முழங்கை உரிந்தது. நாலு மணிக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நாலு மணி வந்ததும், இப்போது சொன்னால் ஒரு மணி நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்று நினைத்தான்.

நாலேகாலுக்கு சுபின் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான்.

“பிரவீனு.”

“ம்.”

“அவ அதைத் தமிழ்லயா சொன்னா, மலையாளத்துலயா?”

ஜானவிக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். கோவளத்துக்கு பைக்கில் அரை மணி நேரம், வழியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருந்தால் முக்கால்.

பிரவின்ராஜ் வாயைத் திறந்தான். சுபின் பைக் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, எழுந்திருக்காமல், அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.