காற்று இழுக்கும் இடம்

வேனின் பானெட்டுக்குள் இடுப்புவரை கவிழ்ந்து, ஓடுகிற இன்ஜின் மேல் காற்று இழுக்கும் ஓட்டையைத் தேடிச் சோப்புத் தண்ணீரைப் பீச்சிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி கூப்பிடுவது மெக்கானிக்கின் காதில் விழுந்தது. அது முதல் கூப்பாடா மூன்றாவதா என்று அவனுக்குத் தெரியாது. இன்ஜின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, விக்கல் எடுத்த மாதிரி குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது.

"ஏங்க, அம்மா மெஷின் மேலயே சாஞ்சுட்டாங்க."

நிமிர்ந்தவனின் தலை பானெட்டில் இடித்தது. வலிக்கவில்லை. வீட்டுக்குள் ஓடினான்.

காலையிலேயே மாமியார் சொல்லியிருந்தாள். நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, இடது கை கனக்கிறது என்று. அவன் கையிலிருந்த ஸ்பானரைக்கூடக் கீழே வைக்காமல், "சாயந்தரம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் அத்தை, அதுக்குள்ள வண்டி ரெடியாயிடும்" என்றான். "உங்க வண்டி ரெடியாகறதுக்குள்ள நான் ரெடியாயிடுவேன் மாப்ள" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்துத் தொலைத்தான்.

முன்னறையில் தையல் மெஷின் மேல் ஒரு பாவாடைத் துணி பாதித் தையலோடு கிடந்தது. மாமியாரைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்திருந்தாள் மனைவி. முகம் முழுக்க வியர்வை. உதடு வெளுத்திருந்தது.

"ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். நாப்பது நிமிஷமாம்."

"நாப்பதா? இங்கேருந்து ஆஸ்பத்திரிக்கே இருவத்தஞ்சு நிமிஷம்தான்."

"வேன் நின்னுடாதா?"

"நிக்காது" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு என்ன தைரியம் இருந்தது என்று பிறகு எத்தனை முறை யோசித்தாலும் பிடிபடாது. எட்டு நாளாக நின்றுகொண்டிருந்த வண்டி அது.

ஊராருக்கு எத்தனையோ இன்ஜின் மாற்றிக் கொடுத்தவன்தான். தன் வண்டிக்கு வந்தபோது எல்லாம் கோணிக்கொண்டது. பழைய இன்ஜின் எண்ணெய் குடித்துப் புகை கக்கியதால், பழைய வண்டிகளை உடைக்கிற கடையிலிருந்து வேறொன்றை வாங்கி வந்து அவனே உட்கார வைத்தான். உட்கார்ந்துவிட்டது, ஸ்டார்ட்டும் ஆனது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பறக்கும். காலை எடுத்தால் திணறித் திணறி அணைந்துவிடும். எங்கோ கணக்கில் வராத காற்றை இழுக்கிறது என்பது அவனுக்கு முதல் நாளே தெரியும். எங்கே என்பதுதான் தெரியவில்லை. பிளக் மாற்றினான், சென்சார் மாற்றினான், மடித்துப் போட்ட சாக்கில் படுத்து ஒவ்வொரு இணைப்பாகக் காது வைத்துக் கேட்டான். தலையால் தண்ணீர் குடித்தும் பிடிபடவில்லை.

"இன்ஜின மாத்தினீங்களா, இருமல மாத்தினீங்களா?" என்று மாமியார் தினமும் ஒரு தடவை கேட்பாள். சும்மா சொல்லக்கூடாது, வாயைத் திறந்தால் ஊசிதான். ஆனால் பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் சாப்பிடாமல் அவள் சாப்பிட்டதில்லை. அவனுடைய காக்கிச் சட்டைகளின் முழங்கையில் கிழிசல் தெரியாமல் ஒட்டுப் போட்டுத் தருவதும் அவள்தான்.

இருவரும் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். மனைவி மடியில் அம்மாவின் தலை. அவன் வண்டியைக் கிளப்பினான்.

அதற்குப் பிறகு அவன் கண்ணால் ஓட்டவில்லை, காதால் ஓட்டினான். வேகம் குறைகிற இடத்திலெல்லாம் வலது காலின் முன்பாதியைப் பிரேக்கிலும் குதிகாலை ஆக்சிலேட்டரிலும் வைத்துக்கொண்டான். இன்ஜின் ஒரு படி இறங்கினால் அவன் உயிர் இரண்டு படி இறங்கியது. முதல் சிக்னல் பச்சை. இரண்டாவது மஞ்சள், தாண்டிவிட்டான். மூன்றாவதில் ஒரு லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தது. நின்ற வண்டியில் இன்ஜினை முறுக்கிக்கொண்டே இருந்தான். பக்கத்து ஸ்கூட்டர்காரன் முறைத்தான். முறைத்துவிட்டுப் போகட்டும்.

"எப்படி இருக்காங்க?"

"மூச்சு வாங்குது" என்றாள் மனைவி. "சீக்கிரம் போங்க."

ரயில்வே கேட் மூடியிருந்தது.

அதை அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை. இரண்டு தெருவுக்கு முன்னால் திரும்பியிருந்தால் பாலத்தில் ஏறியிருக்கலாம். வண்டிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்ததில் வழியை விட்டுவிட்டான். முன்னால் ஒரு பஸ், பின்னால் இரண்டு கார். ஒதுங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. பதற்றத்தில் குதிகால் நழுவியது. இன்ஜின் இரண்டு முறை திணறிவிட்டு அணைந்தது.

சாவியைத் திருகினான். பிடித்தது, அணைந்தது. மறுபடி திருகினான். பிடித்தது, அணைந்தது. ஸ்டார்ட்டரின் குரல் கம்மியது. பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் நாலைந்து திருகலுக்கு மேல் தாங்காது. மிதித்துக் கிளப்பினாலும் அடுத்த நிறுத்தத்தில் மறுபடி அணையும்.

பின்னால் மாமியார் ஏதோ முனகினாள்.

"என்னம்மா?"

"கைய தூக்கச் சொல்லு அவள…" யாரோ ஒரு வாடிக்கைக்காரியின் ரவிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். புத்தி தையலுக்குப் போய்விட்டது. "சும்மா நின்னா தெரியாது. கைய தூக்கினாத்தான் அக்குள்ல பிரியறது தெரியும்."

அவனுக்குப் பளிச்சென்றது.

புது இன்ஜின் பழையதைவிட ஒரு விரற்கடை தாழ உட்கார்ந்திருந்தது. காற்று போகிற ரப்பர் குழாய் மட்டும் பழையது. மாட்டும்போதே இழுத்துத்தான் மாட்டினான். ரப்பர்தானே, பழகிக்கும் என்று விட்டுவிட்டான். எட்டு நாளும் முறுக்காமல் சும்மா ஓடுகிற இன்ஜினில்தான் தேடினான். முறுக்கினால் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாயும். சாயும்போதுதான் அடியில் எங்கோ இருக்கிற பிளவு விரலுக்குத் தெரிகிற அளவுக்கு வாய் திறக்கும்.

இறங்கி ஓடிப் பானெட்டைத் திறந்தான். சந்தேகமே இல்லை, அங்கேதான் இருக்கும். ஆனால் யாராவது ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்க வேண்டும்.

"நீ முன்னாடி வா" என்றான் மனைவியிடம். "வந்து மிதி."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் விரல்கள் அவள் முந்தானையைப் பிடித்திருந்தன.

"அம்மாவ விட்டுட்டு எப்படிங்க?"

"ரெண்டே நிமிஷம். இல்லன்னா இங்கயேதான் கிடப்போம்."

அவள் ஒவ்வொரு விரலாக விலக்கினாள். தன் கைப்பையை அம்மாவின் தலைக்கு அடியில் கொடுத்தாள். முன்சீட்டுக்கு வந்து அவன் சொன்னபடி சாவியைத் திருகி, மிதித்தாள். இன்ஜின் உறுமியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் கொதிக்கிற இரும்புக்கு நடுவே கையை விட்டுக் குழாயின் அடியில் தடவினான். மூன்றாவது மடிப்பில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், பிளவு அவன் விரல் நுனியை வெடுக்கென்று உள்ளே இழுத்தது.

உள்ளங்கையால் பொத்தினான். "கால எடு" என்று கத்தினான்.

இன்ஜின் இறங்கியது. இறங்கி, நின்றுவிடாமல், அப்படியே ஒரே சீராக ஓடியது.

எட்டு நாள் தேடியது. அவனுக்கு அழுகை முட்டியது. ஒரு கையால் பொத்திக்கொண்டே மறு கையால் கால்சட்டைப் பையிலிருந்து சைக்கிள் டியூப் துண்டை எடுத்தான். எந்த மெக்கானிக்கின் பையிலும் அது இருக்கும். பல்லால் இழுத்து, சுற்றி, இறுக்கி, மறுபடி சுற்றி, முடிச்சுப் போட்டான். முழங்கைக்குக் கீழே தோல் வெந்தது. ரயில் ஒன்று தடதடவென்று கடந்து போனது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திறந்த பானெட் முன்கண்ணாடியை மறைத்திருந்ததால், உள்ளே என்ன நடக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியாது.

பானெட்டை அறைந்து மூடிவிட்டு ஓடிவந்தான். மனைவி அதற்குள் பின்சீட்டுக்குப் போயிருந்தாள்.

"நின்னுடுச்சுங்க" என்றாள்.

"இல்லம்மா, ஓடுது. நல்லா கேளு. கால் வைக்காமலே ஓடுது."

அவள் அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, போங்க" என்றாள்.

கேட் தூக்கிக்கொண்டது. பஸ் நகர்ந்தது. வேன் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு விக்கல் இல்லை. அவனுக்கு மூச்சு வந்தது, பேச்சும் வந்தது.

"அத்தை, கேக்குதா? உங்க ரவிக்கையாலதான் கண்டுபிடிச்சேன். நாளைக்கு இருமல்னு சொல்லுங்க பாப்போம்."

பின்னாலிருந்து சத்தமில்லை. களைத்துத் தூங்குகிறாள் போல. வேகத்தடை வந்தது. மெதுவாக ஏற்றி இறக்கினான். அப்போது கண்ணாடியில் பார்த்தான். மாமியாரின் தலை தடையின் குலுக்கலுக்கு எப்படிப் போனதோ அப்படியே கிடந்தது. மனைவி தன் உள்ளங்கையை அம்மாவின் தாடைக்கு அடியில் வைத்து, வாய் திறக்காதபடி பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'நின்னுடுச்சுங்க' என்று அவள் சொன்னது இன்ஜினைப் பற்றி இல்லை.

கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தான். கேட்டால் பதில் வரும். கேட்காதவரை மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தான். ஹாரன் அடித்தான். ஒரு காரை முந்தினான், எதற்கு முந்துகிறோம் என்று தெரியாமலே. காலையில் ஸ்பானரைக் கீழே வைத்திருக்கலாம். பாலத்தில் ஏறியிருக்கலாம். அவளை முன்னாடி கூப்பிடாமலாவது இருந்திருக்கலாம். மீதி வழியெல்லாம் சிக்னல்கள் பச்சையாகவே இருந்தன. அவற்றில் ஒன்றாவது சிவப்பாக இருக்கக் கூடாதா என்று ஏங்கியபடி ஓட்டினான்.

அவசரப் பிரிவின் வாசலில் இரண்டு ஊழியர்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். ஒரு நர்ஸ் மாமியாரின் கழுத்தில் விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்காங்க?"

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இதோ சொல்லப்போகிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"வர்ற வழியில" என்றாள்.

"பக்கத்துல யாரு இருந்தீங்க?"

"நான்தான்" என்றாள் மனைவி. "என் மடியிலதான் படுத்திருந்தாங்க."

தள்ளுவண்டி உள்ளே போனது. கதவு ஆடி அடங்கியது. வேன் வாசலிலேயே நின்று ஓடிக்கொண்டிருந்தது.

"சார், வண்டிய ஆஃப் பண்ணுங்க, புகை உள்ள வருது" என்றான் காவலாளி. மெக்கானிக் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "சார், உங்களத்தான்."

யாரோ திரும்பி வரும் காலடிச் சத்தம் கேட்டது. மனைவிதான். பின்கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த அம்மாவின் செருப்பை எடுத்தாள். முன்பக்கம் வந்தாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகி, உருவி, வெந்துபோன அவன் கையைத் தொடாமல் சட்டைப் பையில் போட்டாள். செருப்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.