பவுன் போடவேண்டிய கையெழுத்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை நான் யோசித்ததல்ல. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பவுன், குக்கருக்கு ரப்பர் வளையம் கேட்க வந்தவள், என் சமையலறையில் நின்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னது. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோதே நான் மனசுக்குள் தலைப்பு தேடிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவளுக்கு வெட்கமேது?

முதல் தொடக்கம்: "2007 ஏப்ரலில் கடன் வசூல் தீர்ப்பாயம் வங்கியின் ஏலத்தை ரத்து செய்து..." [எனக்கே தூக்கம் வருகிறது.]

இரண்டாவது: "சொந்த வீடு என்பது பவுனுக்கு" [இதற்கு மேல் எதை எழுதினாலும் சினிமா வசனம். விட்டுவிட்டேன்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

பவுனின் வீட்டுக்காரர் கோவிந்தராஜ், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குடியாத்தத்துக்காரர்கள், புனேயில் தாபோடி குவார்ட்டர்ஸில் முப்பத்திரண்டு வருஷம். மே மாதம் ரிடையர்மென்ட். அதோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

தாபோடியிலேயே சின்ன ஃப்ளாட் ஒன்றை, கடன் கட்டவில்லை என்று வங்கி ஏலத்துக்கு விட்டது. கோவிந்தராஜ் எடுத்தார், முழுப் பணமும் கட்டினார். சாவி வருவதற்குள் அந்த வீட்டுக்காரி சுஷ்மா, பள்ளிக்கூட டீச்சர், தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டாள். ஏல நோட்டீஸ் தன் கதவில் ஒட்டப்படவே இல்லை என்றாள். ஒட்டினோம் என்று வங்கி சொன்னது, ஆனால் அதற்கு ஒரு போட்டோகூட இல்லை. ஏலம் போச்சு.

கோவிந்தராஜின் வக்கீல் விச்சு, தமிழர். "ரெண்டு வழி இருக்கு சார். பணத்த வட்டியோட வாங்கிண்டு போயிடலாம். இல்லேன்னா முப்பது நாளுக்குள்ள மும்பையில அப்பீல். ஆனா நோட்டீஸ் ஒட்டினான்னு யாராவது நிரூபிக்கணும்."

(திரும்பி வருகிற பணத்தில் அன்றைய புனேயில் அதே ஃப்ளாட்டின் சமையலறையைத்தான் வாங்கலாம். ஏலம் முடிந்த இரண்டே வருஷத்தில் விலை அப்படி ஏறியிருந்தது.)

தீர்ப்பாயத்தில் எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. வக்கீல் தமிழில் சொன்னபோதுதான் பவுனுக்கு விஷயமே விளங்கியது.

3

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கோவிந்தராஜிடம் நீட்டினாள். பின்பக்கம் காய்ந்த பசை. முன்பக்கம் வங்கி முத்திரை, தேதி, கையெழுத்து.

"இந்தக் கருமம் உங்கிட்ட எப்பிடிடி வந்துச்சு?"

"நாந்தான் உரிச்சேன். வூடு பாக்கப் போனமே, நீ கீழ வாட்ச்மேன்கிட்ட கொழாயில பானி எத்தினி மணிக்கு வரும்னு கேட்டுகினு இருந்தியே, அப்ப. பசை ஈரமாவே இருந்துச்சு."

"எதுக்குடி?"

"டீச்சர் வூடாம்யா. மாடி ஏறுறவங்க எல்லாம் நின்னு படிச்சிட்டுப் போறாங்க. ஸ்கூல் வுட்டு வர்ற பொம்பள இதப் பாத்தா நாண்டுகினு சாவமாட்டாளா?"

"நாம எடுக்கப்போற வூட்டுக்காரிக்கு நீ மானங் காப்பாத்துனியா!"

"சினிமா போஸ்டர் மாதிரின்னு நெனச்சேன். இதுக்குப் பின்னால இவ்ளோ கோர்ட்டு கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? சீல் போட்ட காயிதமாச்சே, கிழிக்கவும் பயமா இருந்துச்சு."

கோவிந்தராஜ் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, பாவி மனுஷன், சிரித்துவிட்டார். "முப்பத்திரெண்டு வருசமா என் சட்டைப் பைய கேக்காம தொட்டதில்ல. தொட்டது ஒரே ஒரு கதவு. அதுவும் நம்ம வூட்டுக் கதவு!"

4

[இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படியும் ஒருத்தி செய்வாளா? நம்ப மாட்டார்கள் என்று பயந்து ஒரு வரைவில் நோட்டீஸைக் காற்றில் பறக்கவிட்டேன். இன்னொன்றில் மழையில் நனைத்தேன். இரண்டையும் படித்தால் பவுனைக் காணோம், வானிலை அறிக்கைதான் இருந்தது. கிழித்துப் போட்டேன்.]

5

அப்பீல் கெடுவின் கடைசி நாள், மும்பைத் தீர்ப்பாயத்தின் வக்கீல்கள் அறை. நாலரை மணிக்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். விச்சு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பவுனம்மா, நோட்டீஸ் ஒட்டியிருந்தது, நான்தான் உரிச்சேன்னு நீங்க கையெழுத்துப் போடணும். போட்டா வீடு அநேகமா உங்களுக்குத்தான்."

"அந்த டீச்சரு?"

"காலி பண்ணித்தான் ஆகணும்."

"அவ பொய் சொல்லலியே சார். நெசமாவே பாக்கலியே."

விச்சு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பவுன் புருஷனைப் பார்த்தாள்.

"என் மூஞ்சியப் பாக்காத பவுனு, காயிதத்தப் பாரு," என்றார் கோவிந்தராஜ். "போட்டா சொந்த வூடு, போடலன்னா வாடக வூடு. ரெண்டுலயும் உன்கூட நான் இருப்பேன்."

இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் என்ன கூச்சம்.

6

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் பவுன் சத்தியம் வாங்கிவிட்டாள். "போட்டேன்னு எழுதினா பேராசக்காரின்னுவாங்க. போடலன்னு எழுதினா பைத்தியக்காரின்னுவாங்க. எழுதாதக்கா."

இரண்டு முடிவுகளையும் திருட்டுத்தனமாக எழுதிப் பார்த்தேன். முதலாவதில் சாவி கிடைத்தது, பவுனுக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டாவதில் தூக்கம் வந்தது, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஒப்பந்தம் முடிந்து மூட்டை கட்டினாள். இரண்டிலும் அவள் கையெழுத்தை நான் போட வேண்டியிருந்தது. அது கள்ளக் கையெழுத்து.

அவள் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பக்கத்தில் கோவிந்தராஜ் இருக்கிறார், உங்கள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. விச்சு பேனா மூடியைக் கழற்றி நீட்டுகிறார். மணி நாலே கால்.