தாஷ்கெண்ட் நேரம்

நாடே அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. சுவர்க் கடிகாரம் தள்ளப்பட்டது, செல்போன் தள்ளப்பட்டது. அணைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்த கிழட்டுக் கணினி மட்டும் அசையவே இல்லை. சேதி அதன் காதில் விழவில்லை போலிருக்கிறது.

"கணினியில ஊர்ப்பேரைத் தாஷ்கெண்ட்னு மாத்திட்டா போதும்ணே. அவங்க நேரமும் இப்ப நம்ம நேரமும் ஒண்ணுதான்," என்றாள் ராபிகா.

மேலதிகாரி துலேகெனுக்கு வந்ததே கோபம்! "நம்ம அணையை உஸ்பெக்காரன் கடிகாரத்துல ஓட்டணுமா? ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா? நம்ம தலைநகர் அஸ்தானாவே இருக்கட்டும். நேரத்தை மட்டும் கையால பின்னால தள்ளு."

கடவுச்சொல்லை அவரே தட்டிக் கொடுத்தார். அவள் தள்ளினாள். சரியாகத்தான் காட்டியது. மத்தியானம் இரண்டு பேரும் பால் டீயும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை. அந்தக் கணினி அவ்வப்போது இணையத்தில் நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஊர் அஸ்தானா என்று இருக்கும்வரை அது பழைய கணக்கைத்தான் போடும். இது ராபிகாவுக்குத் தெரியும். காலையில் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். பெரியவரோடு எதற்கு மல்லுக்கட்டு என்று விட்டுவிட்டாள்.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் கணினியே மதகைத் திறந்துவிடும். அதற்குமுன் கீழே ஆறு வெறும் கல்லும் பனிக்கட்டியும்தான். ஆட்டுக்காரர்கள் அதன் வழியேதான் அக்கரைக்குப் போவார்கள். எச்சரிக்கைச் சங்கு உறைபனியில் பழுதாகிக் கிடந்தது. யாருக்கும் கவலை இல்லை, இரண்டு மணி என்றால் எல்லோருக்கும் தெரியுமே!

கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தவளுக்குக் காலடியில் தரை அதிர்ந்தது. மதகு மோட்டார் சூடேறுகிற உறுமல். சுவரில் மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. திரையில் ஒன்று ஐம்பத்தைந்து.

ஜன்னலுக்கு ஓடினாள். ஆற்றின் நட்டநடுவில், பெரிய தட்டைப் பாறைமேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். சுற்றி ஆடுகள். தலையில் சிவப்புத் தொப்பி. அந்தச் சிவப்புத் தொப்பியை அவள் கையால்தான் பின்னியிருந்தாள்.

"ஐயோ, ஒராஸ்காலி!"

திரும்பத் திரும்பப் போன் போட்டாள். பள்ளத்தில் சிக்னல் ஏது? ஜன்னலைத் திறந்து தொண்டை கிழியக் கத்தினாள். காற்று அவள் குரலை மலைப்பக்கம் அடித்துக்கொண்டு போனது. மதகின் கைச்சக்கரமோ அணைக்கு அந்தக் கோடியில், பனி மூடிய படிகளுக்குக் கீழே. ஓடினாலும் போய்ச் சேர முடியாது.

"அண்ணே, கடவுச்சொல்! சீக்கிரம்!"

துலேகெனின் கண்ணாடியில் டீ ஆவி படிந்திருந்தது. தட்டினார். தப்பு. மறுபடி தட்டினார். அதுவும் தப்பு.

"பதறாத பொண்ணே, பதறாத..."

"நடு ஆத்துல உக்காந்திருக்கிறது என் புருஷன்! உங்க மானத்துக்குப் பலி குடுக்க அவன்தான் கிடைச்சானா?"

திரையில் ஒன்று ஐம்பத்தெட்டு. துலேகென் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, மூக்கை விசைப்பலகையில் முட்டாத குறையாகக் குனிந்து ஒவ்வொரு எழுத்தாய் அழுத்தினார். திறந்தது.

"கையாலயே தள்ளிடுவோமா?"

"மறுபடியும் ஏறிக்கும்! நகருங்க!"

ஊர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அம்மான் போனது, பாகு போனது, கராச்சி வந்தது. சுட்டி வழுக்கிக்கொண்டு போனது. உள்ளங்கை வேர்வையைப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். தாஷ்கெண்ட்! அழுத்தினாள்.

திரையில் பன்னிரண்டு ஐம்பத்தொன்பது.

தரையின் உறுமல் மெல்ல அடங்கியது. துலேகென் நாற்காலியில் சரிந்து முகத்தை மூடிக்கொண்டார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு சிவப்புத் தொப்பியையே பார்த்திருந்தாள். அந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. பாவி, எழுந்திரேன்! ரொம்ப நேரம் கழித்து, சோம்பல் முறித்து எழுந்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு அக்கரை ஏறினான்.

மேட்டில் சிக்னல் கிடைத்த பிறகுதான் அவள் போன் அடித்தது.

"என்னடி, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? வீடு பத்திக்கிச்சா?"

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைச்சுதா, நடுப்பாறையில உக்காந்து ஆற அமர டீ குடிச்சேன். இப்படி நிம்மதியா குடிச்சு எத்தனை நாளாச்சு! ஃப்ளாஸ்க்கை அங்கயே மறந்துட்டேன். போய் எடுத்துட்டு வந்துடறேன், ரெண்டுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல?"

"இறங்காத!" அவள் அலறியதில் துலேகென் துள்ளி எழுந்தார். "நீ இறங்காத! எந்தக் கடிகாரத்தையும் நம்பாத! கரையிலயே நில்லு!"

"சரி சரி, நிக்கிறேன். எதுக்கு அழற?"

போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். அவனும் வைக்கவில்லை. இரண்டு மணிக்கு மதகு திறந்தது. பழுப்புத் தண்ணீர் பனிக்கட்டிகளைப் புரட்டிக்கொண்டு வந்து, தட்டைப் பாறையை ஒரே வாயில் விழுங்கியது.

"ஃப்ளாஸ்க் போச்சு," என்றான்.

"போகட்டும்," என்றாள் ராபிகா. "போகட்டும்."