ஐந்தாம் பாட்டின் இருமல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு வாய்த்த ஜோடி நெட்டை. பெரியக்கா கையை உயர்த்தினால் அவள் தோளுக்குத்தான் வரும். சேர்ந்த புதிதில் இருவரும் மடித்த விரிப்பு ஒன்றுகூட நேராக இருந்ததில்லை. அதை நேராக்கியது ஒரு கேசட்.

ஏதோ ஒரு வார்டிலிருந்து தலையணை உறைக்குள் வந்தது அது. ஒரு வருஷம் விசாரித்தும் யாரும் தேடி வரவில்லை. அட்டையில் எகிப்து நாட்டுப்புறப் பாடல்கள் என்று எழுதியிருந்தது. படத்தில், தரையில் சம்மணமிட்டு ஐந்து கிழவர்கள். நடுவில் இருந்தவருக்கு முன்பல் இல்லை. கூடத்துப் பழைய டேப் ரிக்கார்டரில் போட்டார்கள். மத்தளம் மாதிரி ஒன்று, நாணல் குழல், கைதட்டல். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் இரண்டாம் பாட்டு முடிவதற்குள் பெரியக்காவும் நெட்டையும் ஒன்றாக உதறி, ஒன்றாக எட்டு வைத்து, நடுவில் முட்டிக்கொள்ளாமல் நின்றார்கள். ஒரே வாரத்தில் பதினொரு ஜோடியும் அந்தத் தாளத்துக்கு வந்துவிட்டது.

"அந்தத் தாத்தா என்னக்கா பாடுறாரு?" என்று கேட்டாள் நெட்டை.

"பொண்டாட்டியத் திட்டுறாருடி. வேற யாரை இவ்வளவு உருக்கமாத் திட்ட முடியும்?"

ஐந்தாம் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பாடுகிற கிழவருக்கு இருமல் வந்துவிடும். மத்தளம் நிற்கும், குழல் நிற்கும். அவர் இருமி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள். யாரோ சிரிப்பது கேட்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு எழும்பும். இதை வெட்டி எறியாமல் வைத்திருக்கிறார்களே என்று பெரியக்காவுக்கு தீரவே தீராத ஆச்சரியம். இருபத்திரண்டு வருஷ வேலையில் அவளுக்காக எதுவும் அரை நிமிஷம் நின்றதில்லை. அதனால் அந்த இடம் வந்தால் கூடத்தில் எல்லாரும் விரிப்பை விரித்த கையோடு நிற்பார்கள். அது அவர்களுடைய அரை நிமிஷம்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் அந்த அரை நிமிஷத்தைப் பதினொன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு, கேசட்டை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"இனிமே வேலைக்கு நடுவுல யார் நின்னாலும் அழுக்கு ரூமுக்குப் போயிரணும்."

அழுக்கு ரூம் சுவருக்கு அந்தப் பக்கம். ரத்தமும் சீழுமாக வரும் துணிகளை ஒற்றை ஆளாகப் பிரிக்க வேண்டும். பேச்சுத்துணைகூடக் கிடையாது. அந்த அறைக் கதவைத் தாண்டும்போதெல்லாம் பெரியக்கா நடையை எட்டிப் போடுவாள்.

இரண்டு நாள் விரிப்புகள் கோணின. மூன்றாம் நாள் பெரியக்காவின் கால் தானாகத் தாளம் போட்டது. நெட்டை அதைப் பார்த்து உதறினாள். அடுத்த ஜோடி அவளைப் பார்த்தது. துணி உதறும் சத்தமே மத்தளமாகி ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வந்தது. ஐந்தாம் பாட்டில், அந்த இடத்தில், பதினொரு விரிப்பும் அப்படியே நின்றன. பேசி வைத்துச் செய்ததில்லை. பழகிய உடம்பு செய்த தப்பு.

சூப்பர்வைசர் எழுந்து வந்தார். "ஏன் நிக்கிறீங்க? யாரு ஆரம்பிச்சது?"

நெட்டை விரிப்பின் முனையை விடாமல் பெரியக்காவைப் பார்த்தாள். இப்போது ஓர் எட்டு முன்னால் வைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். பெரியக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. என் அரை நிமிஷம் இது, நீ யார் எடுத்துக்கொள்ள? அவள் தொண்டையைச் செருமி, நிதானமாக, அந்தக் கிழவர் மாதிரியே மூன்று முறை இருமினாள். யாரோ சிரித்தார்கள். விரிப்புகள் அசைந்தன.

"நாளையிலேர்ந்து நீங்க அழுக்கு ரூம்."

"சரிங்க சார். தாளம் போட்ட கால் ரெண்டையும் கூடவே எடுத்துட்டுப் போறேன்."

மறுநாள் கையுறையும் முகக்கவசமுமாக அவள் தனியே நின்றாள். நாற்றம் கவசத்தைத் தாண்டி வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு துணிகளைப் பிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் உதறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நெட்டைக்கு இன்று யார் ஜோடியோ. மூன்றாம் பாட்டு, நான்காம் பாட்டு, ஐந்தாம் பாட்டு. இருமல் வரும் இடத்தில் சத்தம் நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது. சூப்பர்வைசரின் நாற்காலி கரகரவென்று இழுபட்டது. அப்போதும் ஒரு விரிப்பும் அசையவில்லை.

பெரியக்கா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, சுவரோரம் போய் நின்று, நன்றாக இருமினாள்.

அந்தப் பக்கம் எல்லா விரிப்புகளும் ஒன்றாக உதறப்பட்டன.